ஐந்து பெட்டி டெமோவை நம்பி 60 இருக்கை வாங்கிய கதை

உங்கள் துறை லேபை விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு மாற்றலாம் என்று யாராவது பேச்செடுத்திருந்தால், கொட்டேஷன் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். இயந்திரவியல் துறையில் கேட் (CAD, கம்ப்யூட்டரில் இயந்திர வடிவமைப்பு) லேப் பொறுப்பு என்னுடையது. 60 இருக்கை.

பழைய கம்ப்யூட்டர்களுக்கு எட்டு வயது. ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் 60 மெஷினிலும் உட்கார்ந்து சாஃப்ட்வேர் ஏற்றி எனக்கும் லேப் உதவியாளருக்கும் முதுகு போய்விடும். விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் அந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் எல்லாம் சர்வரிலேயே ஓடும், மேசைக்கு வருவது திரையில் தெரியும் காட்சி மட்டும். மேசையில் டிபன் டப்பா அளவில் ஒரு தின் கிளையன்ட் இருந்தால் போதும். சாஃப்ட்வேரை ஒரே இடத்தில் ஏற்றினால் அறுபதுக்கும் போய்ச்சேரும். அதனால் துறையில் அதிக ஆசைப்பட்டவன் நான்தான். யோசனை தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன்.

விற்க வந்த கம்பெனிக்காரர்கள் தங்கள் சர்வரையும் ஐந்து பெட்டிகளையும் காரில் கொண்டுவந்து டெமோ காட்டினார்கள். எச்.ஓ.டி. சாலிட்வொர்க்ஸ் என்ற வடிவமைப்பு சாஃப்ட்வேரில் ஒரு கியர்பாக்ஸ் அசெம்பிளியைத் திறந்து சுற்றிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி ஓடியது. "டெண்டர் ஸ்பெசிஃபிகேஷன் எழுதறது பெரிய வேலை சார், நாங்களே டைப் பண்ணி மெயில் போட்டுடறோம்" என்றார்கள். நாங்களும் வேலை மிச்சம் என்று அதை அப்படியே எடுத்துப் போட்டோம். முழு முட்டாள்தனம், எங்களுடையது. மூன்று கொட்டேஷன் வந்தது. எல்லா வரிக்கும் பொருந்தியது எது என்று சொல்லத் தேவையில்லை.

பொருள் வந்தது மார்ச் 28. மார்ச் 31 தாண்டினால் நிதி லாப்ஸ். பெட்டிகளில் விளக்கு எரிந்தது, விண்டோஸ் திரை வந்தது. நிறுவல் நிறைவுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். 90 சதவீதம் பில் போய்விட்டது.

கல்லூரி திறந்து முதல் லேப். காலை 9.15. அறுபது பேரும் ஒரே நேரத்தில் லாகின் செய்தார்கள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் மாணவனுக்கு டெஸ்க்டாப் வரவே இருபது நிமிடம். போன் செய்தால், "உங்க நெட்வொர்க் ப்ராப்ளம் சார், ஸ்விட்சைப் பாருங்க." கம்ப்யூட்டர் சென்டர் ஆட்கள் இரண்டு வாரம் கேபிள் கேபிளாகப் பார்த்தார்கள். நெட்வொர்க் காலியாகத்தான் கிடந்தது. கடைசியில் அவர்களில் ஒரு சின்னப் பையன்தான் சர்வரின் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து காட்டினான். உள்ளே இருந்தவை நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஆறு ஹார்ட் டிஸ்க், ரெய்டு 5 (ஒன்று கெட்டாலும் தகவல் போகாதபடி டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டும் முறை).

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். அப்படிப்பட்ட ஒரு டிஸ்க் நொடிக்குச் சுமார் 80 முதல் 100 தடவை படிக்கும் அல்லது எழுதும். ஆறுக்கும் சேர்த்து ஐந்நூறு, அறுநூறு. ரெய்டு 5-ல் சின்னதாக ஒன்றை எழுதுவதற்கு டிஸ்குக்கு நான்கு வேலை, எனவே எழுதும்போது அதுவும் இருக்காது. ஒரு விண்டோஸ் சாதாரணமாக ஓடும்போதே பத்து, பதினைந்து கேட்கும். அறுபதுக்கு அதுவே 600 முதல் 900. லாகின் நேரத்தில் பல மடங்கு. கொட்டேஷனில் இருந்ததோ "12 டி.பி. ஸ்டோரேஜ்" என்ற ஒரே வரி. தொட்டி எவ்வளவு பெரியது என்று எழுதியவர்கள், குழாய் எவ்வளவு அகலம் என்று எழுதவில்லை. டெமோ சர்வரில் இருந்தது எஸ்.எஸ்.டி., அதாவது சுற்றும் தட்டே இல்லாத, பல மடங்கு வேகமான டிஸ்க் என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது அக்டோபரில். சாலிட்வொர்க்ஸ் திக்கித் திக்கி ஓடியது. ஒரு மாணவிதான் கண்டுபிடித்தாள்: "சார், ரீஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் நல்லா ஓடுது, அப்புறம் படுத்துடுது." சர்வரில் இருக்கும் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டை விர்ச்சுவல் டெஸ்க்டாப்புகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். அது இல்லாவிட்டால் தொடங்கி 20 நிமிடம் கழித்து நொடிக்கு 15 பிரேம் (திரைக் காட்சி மாறும் எண்ணிக்கை), 24 மணி நேரம் கழித்து 3 பிரேம் என்று கட்டிப்போட்டுவிடும். எங்களுக்குப் போட்டிருந்தது 90 நாள் சோதனை லைசென்ஸ். ஜூலையில் வந்து "ஃபைனல் ஆக்டிவேஷன்" என்று ஏதோ செய்துவிட்டுப் போனார்களே, அது இதுதான். பில்லில் கார்டு இருக்கிறது, லைசென்ஸ் வரியே இல்லை. கேட்டதற்கு, "அது ஸ்கோப்ல இல்ல சார்."

தின் கிளையன்ட்டிலிருந்து விண்டோஸை எட்டிப்பிடிக்கவும் தனி உரிமம் உண்டு. அதில் மட்டும் தப்பித்தோம், பல்கலைக்கழகத்தின் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்திலேயே அது இருந்தது.

நீங்கள் போகிறீர்கள் என்றால் டெண்டரிலேயே இதை எழுதுங்கள்: சப்ளை ஆகும் அதே சர்வரில், உங்கள் லேபில், எல்லா இருக்கையிலும் ஐந்து நிமிடத்துக்குள் லாகின் ஆக வேண்டும். உங்களிடம் உள்ள ஆகக் கனமான ஃபைலைத் திறந்து இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பில். ஒவ்வொரு லைசென்ஸின் பெயர், எண்ணிக்கை, முடியும் தேதி தனித்தனி வரியாக வர வேண்டும். டெஸ்க்டாப்பில் சேமித்தது லாக் ஆஃப் செய்தால் அழியுமா என்றும் கேளுங்கள். எங்கள் பையன்கள் இரண்டு ரெக்கார்டு வேலையை அப்படித்தான் இழந்தார்கள்.

இப்போது துறைப் பராமரிப்புப் பணத்தில் எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டிருக்கிறோம். லாகின் ஒரு நிமிடத்தில் ஆகிறது. லைசென்ஸ் பணத்துக்கு ஃபைல் நகர்ந்துகொண்டிருக்கிறது. மீதி 10 சதவீதத்தை நிறுத்திவைத்திருக்கிறோம், அதற்கு அவர்களிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. போன மாதம் தணிக்கைக்கு வந்தவர் நிறைவுச் சான்றிதழை என் பக்கம் திருப்பி வைத்து, "திருப்திகரமாக இயங்குகிறது என்று எழுதியிருக்கிறதே, இது யார் கையெழுத்து?" என்றார்.

என்னுடையதுதான் என்றேன். தேதியையும் பார்த்துக் குறித்துக்கொண்டார்.