டிவி கேம் பாட்டை ரீமிக்ஸ் செய்ய: சிப்பா, சாம்பிளா, முகவீணையா?

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு டிவியில் நான் கேட்டு வளர்ந்த மாரியோ பாட்டு, 1985-இல் நிண்டெண்டோ கம்பெனியின் இசையமைப்பாளர் கோஜி கோண்டோ போட்ட வேகத்தில் ஓடியதே இல்லை. இது எனக்குத் தெரியவே பல வருஷம் ஆனது. ஜப்பான் டிவியில் நொடிக்கு 60 ஃபிரேம், நம் ஊர் டிவியில் 50. அந்தக் காலத்து கேம்கள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு அடி வைத்துத்தான் பாட்டை நகர்த்தும். அதனால் 50 ஃபிரேம் டிவிக்கென்று, நிண்டெண்டோ கேம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகளில் 60 நொடிப் பாட்டு 72 நொடி ஓடும். அவற்றுக்குள் ஒலி எழுப்பும் நகல் சிப்புகள் பலவற்றில் பல்ஸ் அலையின் (மேலும் கீழும் சட்டென மாறும் சதுர அலை; அது மேலே நிற்கும் பங்குதான் அகலம்) 25, 50 சதவீத அகலங்களும் இடம் மாறியிருந்தன. குரலே வேறாகிவிடும். ரீமிக்ஸுக்கு உட்காரும்போது ஒரிஜினலை எடுப்பதா, நம் காதில் தங்கியதை எடுப்பதா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் எப்போதும் அந்த மெதுவான பாட்டைத்தான் எடுக்கிறேன்.

முதல் வழி, சிப்புக்குள்ளேயே இருந்துவிடுவது. பழைய கேம் சிப்பின் ஒலியில் பாட்டுக் கட்டும் ஃபேமிஸ்டூடியோ மென்பொருள் இலவசம், ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். பழைய சிப்பில் இருந்தது மொத்தம் 5 சேனல்: பல்ஸ் 2, முக்கோண அலை 1, இரைச்சல் 1, சாம்பிள் (பதிவு செய்த ஒலித்துண்டு) 1. முக்கோணத்துக்குச் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. ஒலிக்கும், இல்லை நிற்கும். புதிதாக வருபவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. எதை ஒளித்து வைக்கவும் இடமில்லாததால் மெட்டு சரியில்லை என்றால் உடனே காதில் குத்தும்.

இரண்டாவது வழி, கணினியில் சாம்பிள் கருவிகள். வேலூர், காட்பாடிப் பக்கம் காலேஜ் பசங்க பெரும்பாலும் எஃப்எல் ஸ்டூடியோ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பீட் போட அருமையான மென்பொருள். ஆனால் அதன் இலவச டிரயலில் சேமித்த ப்ராஜெக்டை, காசு கட்டாமல் மறுபடி திறக்க முடியாது. ஒரே உட்காரலில் முடிக்கிற வேலையா இது? எல்எம்எம்எஸ் முழுக்க இலவசம், ஆனால் 1.2 பதிப்பில் மைக் வைத்துப் பதிவு செய்ய முடியாது. அப்படிப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் ரீப்பர்தான். 60 நாள் டிரயலில் எல்லா வசதியும் திறந்திருக்கும், பழைய லேப்டாப்பையும் திணற வைக்காது. போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் பேண்ட்லேப் போதும். ப்ளூடூத் மட்டும் வேண்டாம், சத்தம் தாமதமாக வந்து தாளம் தப்பும்.

சாம்பிள் நாதஸ்வரம், சாம்பிள் தவில் எல்லாம் வாங்கிப் பார்த்தேன். சுரம் சரியாகத்தான் விழுகிறது, ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அந்த வழுக்கல் இல்லை.

அதனால்தான் மூன்றாவது வழிக்கு வந்தேன். ஆரணிப் பக்கம் தெருக்கூத்தில் முகவீணை வாசிக்கும் ஒரு அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். நாதஸ்வரத்தைவிடக் குட்டையான குழல், கீச்சென்ற சுருதி. 12.5 சதவீத பல்ஸ் அலைக்கு இவ்வளவு நெருக்கமான வாத்தியம் வேறு நான் கேட்டதில்லை. மே மாசம், ஃபேனை நிறுத்தினால்தான் பதிவு சுத்தமாக வரும், அதனால் விடியற்காலை 5 மணிக்கே உட்கார்ந்தோம். மைக்கை அவர் முன்னால் வைத்தபோது சத்தம் உடைந்தது. ஐந்தடி தள்ளி, குழலின் வாய்க்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் வைத்ததும் சரியானது. அவர் சுருதிக்கு ஏற்றபடி நான் மொத்தப் பாட்டையும் ஏற்றினேன். அது மென்பொருளில் அரை நிமிஷ வேலை.

பாட்டை ஒரு தடவை கேட்டுவிட்டு அண்ணன் குழலைக் கீழே வைத்தார். “இன்னா தம்பி இது, மூச்சு வாங்கவே எடம் உடலியே?”

பத்து வருஷமாக அந்தப் பாட்டைக் கேட்கிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை. சிப்புக்கு மூச்சு வேண்டாம். சாம்பிளுக்கும் வேண்டாம். மனுஷனுக்கு வேண்டும்.

செலவு, அலைச்சல், நேரம் என்று பார்த்தால் மூன்றாவது வழி கடைசியில்தான் நிற்கும். இருந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான், அதுவும் முதல் வழியோடு சேர்த்து. ஃபேமிஸ்டூடியோவில் எலும்புக்கூட்டைக் கட்டி, சேனல் சேனலாகத் தனி ஃபைலாக எடுத்து, ரீப்பரில் போட்டு, அதன்மேல் ஆளைப் பதிவு செய்யுங்கள். யூடியூபில் ஏற்றிக் காசு பார்க்க மட்டும் நினைக்காதீர்கள், பாட்டின் உரிமை கேம் கம்பெனியிடம் இருக்கிறது.

அண்ணனுக்காக நாலு தாள வட்டத்துக்கு ஒரு தடவை மெட்டில் அரை அட்சரம் வெட்டினேன். வெட்டிய இடம் மொட்டையாகக் கேட்டது. அந்தக் காலத்து சிப் இசைக்காரர்கள் இரண்டாவது பல்ஸ் சேனலை எதிரொலிக்கு வைத்துக்கொள்வார்கள் இல்லையா, அதையே அங்கே நிரப்பினேன். இப்போது அவர் மூச்சு வாங்கும் நேரத்தில் எங்கள் வீட்டு பழைய டிவி பதில் சொல்கிறது.