மழைக் கட்டத்தின் அச்சுகளைச் சரிபார்க்க நம்பையா, எக்ஸ்-அரேயா?

இந்திய வானிலைத் துறை தரும் கால் பாகைத் தினசரி மழைத் தரவை வைத்து தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்குக் பைத்தான் மொழியில் கணக்குப் போடுகிறவர்களுக்கு இது; நம்பை (NumPy), எக்ஸ்-அரே (xarray) இரண்டும் அதில் எண் அடுக்குகளைக் கையாளும் நிரல் தொகுப்புகள். அட்சரேகை 6.5 முதல் 38.5 வரை 129 புள்ளிகள், தீர்க்கரேகை 66.5 முதல் 100 வரை 135. பைனரி கோப்பில் வெறும் எண்கள்தான்; எது எந்த அச்சு என்பது அதற்குள் இருக்காது.

நம்பையில் அவற்றை 365, 129, 135 (நாள், அட்சரேகை, தீர்க்கரேகை) என்று அடுக்க வேண்டும். கை தவறி 365, 135, 129 என்று கொடுத்தாலும் அது வாய் திறக்காது. பெருக்கினால் இரண்டும் ஒன்றுதானே! வடிவத்தைச் சோதிக்க ஒரு அஸர்ட் வரி (நிபந்தனை பொய்யானால் நிரலை நிறுத்தும் வரி) சேர்க்கலாம். ஆனால் தப்பாக அடுக்கிய அதே ஆள்தான் அந்த வரியையும் எழுதுவார்.

எக்ஸ்-அரேயில் அச்சின் பெயரையும் மதிப்புகளையும் சேர்த்தே கொடுக்கிறோம். அட்சரேகைப் பட்டியலில் 129, தரவில் 135 என்றால் உருவாக்கும்போதே பிழை காட்டி நிறுத்திவிடும். லீப் ஆண்டின் 366 நாளுக்கு 365 தேதி கொடுத்தாலும் அப்படித்தான்.

எண்ணிக்கை பொருந்திவிட்டால்தான் வம்பு. ஈரா5 (ERA5) என்ற ஐரோப்பிய மையத்தின் உலக வானிலைத் தரவை இதே எல்லைக்கு வெட்டினால் அதுவும் 129க்கு 135. ஆனால் அதில் அட்சரேகை வடக்கிலிருந்து இறங்கும். தருமபுரிக்குச் சற்று வடக்கே உள்ள 12.25, 78.25 புள்ளி, மழைத் தரவில் பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 23, 47 என்ற இடத்தில் இருக்கிறது. ஈரா5இல் அதே இடம் 32.75, அதாவது இமயமலை. நம்பை இரண்டையும் கூசாமல் கழித்து விடை தரும். எக்ஸ்-அரே மதிப்பைப் பார்த்துச் சேர்ப்பதால் இங்கே தப்பிக்கிறது.

அதற்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கூட்டல் கழித்தலில் பொதுவான புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் உதறிவிடும். 0.25இன் மடங்குகள் இரும எண்ணில் துல்லியமாக அமையும், 0.1இன் மடங்குகள் பெரும்பாலும் அமையாது. அதனால் 0.1 பாகைத் தரவுகளில் ஒன்றின் அச்சு 32 பிட், இன்னொன்றின் அச்சு 64 பிட் என்றால், கிருஷ்ணகிரி பக்கத்து 12.5 வரிசை தப்பிக்கும், தருமபுரியின் 12.1 காணாமல் போகும். பிழைச் செய்தியே வராது.

என் ஓட்டு எக்ஸ்-அரேவுக்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு: கணக்கின்போது அச்சுகளை எப்படிச் சேர்ப்பது என்று சொல்லும் அரித்மெட்டிக் ஜாயின் (arithmetic_join) அமைப்பை எக்ஸாக்ட் (exact) என்று மாற்றிவிட வேண்டும். அப்புறம் அச்சுகள் ஒத்துப்போகாவிட்டால் பிழை வரும்; ஈரா5 வந்தாலும் வரும். அதற்கு, படித்தவுடன் அட்சரேகையை ஏறுவரிசைக்கு மாற்றினால் போதும்.