டிவிடெண்ட் பங்குகள்: யீல்டு எண்ணை நம்பி வாங்கினால் என்ன ஆகும்?

யீல்டு வரிசையில் அடுக்கிய பட்டியலின் உச்சியிலிருந்து பங்கு வாங்குவதுதான் டிவிடெண்ட் முதலீட்டில் அதிகம் அடிபட வைப்பது. யீல்டு என்பது, நிறுவனம் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குக் கடந்த 12 மாதங்களில் ஒரு பங்குக்கு டிவிடெண்டாகக் கொடுத்த தொகையை இன்றைய பங்கு விலையால் வகுத்தது, அவ்வளவே. விலை சரிந்தாலும் அது ஏறும். ஒருமுறை மட்டும் அள்ளிக் கொடுத்திருந்தாலும் ஏறும்.

2022-23 நிதியாண்டில் சுரங்க நிறுவனமான வேதாந்தா ஐந்து தவணைகளில் பங்குக்கு 101.50 ரூபாய் கொடுத்தது. 2023 மார்ச் இறுதி விலை சுமார் 275. யீல்டு 37% என்று காட்டியது. அந்த ஆண்டின் ஒருங்கிணைந்த நிகர லாபம் சுமார் 14,500 கோடி, டிவிடெண்டாக வெளியே போனதோ சுமார் 37,700 கோடி. ஏறக்குறைய 70% பங்கை வைத்திருந்த தாய் நிறுவனத்துக்குக் கடன் அடைக்கப் பணம் தேவைப்பட்டது. மறு ஆண்டு கிடைத்தது 29.50 தான். துணை நிறுவனமான ஹிந்துஸ்தான் ஜிங்க்கிலும் 75.50 ரூபாய் 13 ஆகச் சுருங்கியது. கோல் இந்தியா அதே 2022-23 தொடங்கி மூன்று ஆண்டுகளில் 24.25, 25.50, 26.50 என்று கொடுத்தது, லாபத்தில் ஏறக்குறைய பாதி. நீண்ட நாள் வைத்திருக்க இப்படிப்பட்ட பங்குதான் ஏற்றது.

ஆகவே யீல்டை நாமே கணக்கிட வேண்டும். ஐந்து ஆண்டு டிவிடெண்டை எழுதி, ஒருமுறை மட்டும் தரும் சிறப்பு டிவிடெண்டை நீக்கி, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நிற்கும் தொகையை இன்றைய விலையால் வகுக்கவும். போனஸ், பங்குப் பிரிப்பு நடந்திருந்தால் பழைய தொகைகளைச் சரிசெய்துகொள்ளவும். அடுத்து, ஐந்து ஆண்டுகளின் இயக்கப் பணவரவை (தொழிலிலிருந்து கைக்கு வந்த பணம்) கூட்டி, மூலதனச் செலவை (ஆலை, இயந்திரம் போன்றவற்றுக்கான செலவு) கழிக்கவும். மிச்சம், கொடுத்த மொத்த டிவிடெண்டைவிடக் குறைவு என்றால் கடனோ பழைய கையிருப்போதான் டிவிடெண்டாக வருகிறது. ஆர்.இ.சி., பி.எஃப்.சி. போன்ற கடன் தரும் நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கடன் கொடுப்பதே அவர்கள் தொழில் என்பதால் இயக்கப் பணவரவு மைனஸில்தான் இருக்கும். அங்கே வாராக்கடனையும் மூலதனப் போதுமை விகிதத்தையும் (கொடுத்த கடனுக்கு எதிரே சொந்த மூலதனம் எவ்வளவு என்பது) பார்க்க வேண்டும்.

அரசு நிறுவனம் என்றாலே நிலையான டிவிடெண்ட் என்பதும் சரியல்ல. மத்திய அரசின் 2024 நவம்பர் வழிகாட்டுதல்படி நிகர லாபத்தில் 30% அல்லது நிகர மதிப்பில் (சொத்திலிருந்து கடனைக் கழித்தது) 4%, இரண்டில் எது அதிகமோ அதுதான் குறைந்தபட்சம். லாபம் ஆடினால் டிவிடெண்டும் ஆடும். இந்தியன் ஆயில் 2022-23இல் 3 ரூபாய், அடுத்த ஆண்டு 12, அதற்கடுத்து மீண்டும் 3.

வரியைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் நம் வருமானத்தோடு சேர்கிறது. செஸ்ஸோடு 31.2% வரி கட்டுபவருக்கு 6% யீல்டு என்பது 4.13% தான். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால் 10% டி.டி.எஸ். (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். ரிட்டர்ன் போடும்போது அதை வருமான வரித் துறையின் வரிப்பிடித்த விவரமான 26ஏஎஸ்-உடன் ஒப்பிடவும்.

டிவிடெண்டுக்காகவே எக்ஸ்-தேதிக்கு (அன்று முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடைக்காது) முதல் நாள் வாங்குவதில் லாபம் இல்லை. மறுநாள் விலை ஏறத்தாழ அதே அளவு இறங்கித் திறக்கும்.

டிமேட்டில் இணைத்த வங்கிக் கணக்கை மூடினால் உடனே புதியதைப் பதியவும். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்டைப் பெறாமல் விட்டால் பணத்தோடு பங்குகளும் ஐ.இ.பி.எஃப். என்னும் அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும், மீட்க நிறுவனத்துக்கும் அந்த நிதியின் ஆணையத்துக்கும் தனித்தனியே ஆவணம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.