ஐசியூவா, கேஷுவாலிட்டியா, லேபர் வார்டா: இறுதியாண்டில் எதைக் கேட்டு வாங்கலாம்?

பிஎஸ்சி நர்சிங்கில் எட்டாம் செமஸ்டர் என்றாலே இன்டர்ன்ஷிப்தான். 2021-22இல் நடைமுறைக்கு வந்த இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டப்படி 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அடல்ட் ஹெல்த்துக்கு 6 வாரம். கம்யூனிட்டி, சைல்ட் ஹெல்த், சைக்கியாட்ரி (மனநலம்), ஓபிஜி (மகப்பேறு, மகளிர் நலம்) ஆகியவற்றுக்கு தலா 4 வாரம். இந்தக் கணக்கில் கை வைக்க முடியாது. ஆனால் அடல்ட் ஹெல்த்தின் அந்த 6 வாரத்தில் அதிக நாள் ஐசியூவிலா, கேஷுவாலிட்டி என்கிற அவசர சிகிச்சைப் பிரிவிலா? ஓபிஜியில் பிரசவம் நடக்கும் லேபர் வார்டா, பிரசவத்துக்குப் பிந்தைய போஸ்ட்நேட்டலா? ரோஸ்டர் (டியூட்டி அட்டவணை) போடும்போது வாயைத் திறந்து கேட்டால் இதெல்லாம் ஓரளவு கிடைக்கும். கேட்கச் சொன்னால் பெரும்பாலோர் ஐசியூ என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஐசியூ மோகத்துக்குக் காரணம் தெரிந்ததுதான். வளைகுடா வேலை விளம்பரங்களில் ஐசியூ அனுபவம் கேட்பார்கள். ஆனால் அங்கே எடுபடுவது படிப்பு முடித்து நர்ஸாக ரிஜிஸ்ட்ரேஷன் செய்த பிறகு பார்த்த வேலை. மாணவராக நின்ற வாரங்கள் அல்ல. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை மாணவர் கையில் யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆகவே மணிக்கொரு முறை சார்ட் எழுதுவது, இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, வாய் சுத்தம் என்று நாள் போகும். அதிலும் கற்க நிறைய உண்டு. வென்டிலேட்டரில் ஹை பிரஷர் அலாரம் அடித்ததும் பட்டனை அமுக்கி சத்தத்தை நிறுத்தாமல், சளி அடைத்திருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா, நோயாளி கடிக்கிறாரா என்று பார்க்கும் பழக்கம் அங்கேதான் வரும். ஆனால் வேலைக்குச் சேர்ந்ததும் பெரிய தனியார் மருத்துவமனைகள் இதையெல்லாம் பயிற்சி கொடுத்தே சொல்லித் தரும்.

கேஷுவாலிட்டி வேறு ரகம். அதுவும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் அவசரத்தைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆட்களைப் பிரிப்பதைக் கண்ணெதிரே பார்க்கலாம். நெஞ்சு வலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும். பக்கத்தில் மாணவர் நின்றால் ஈசிஜி லீடுகளை உடம்பில் ஒட்டும் வேலை அவருக்குத்தான் வரும். பாம்புக்கடி கேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சிரையிலிருந்து எடுத்த ரத்தம் கொஞ்சத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை காட்டுகிறது என்று பொருள். இடையில் யாராவது ஆவலில் குழாயை ஆட்டிப் பார்த்தால் போச்சு. சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாய் என்றால் நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றிவிடும். கடித்தது நல்ல பாம்பு என்றால் ரத்தம் ஒழுங்காகவே உறையும். அதன் விஷம் நரம்பைத் தாக்குவதால் அப்போது இமை சொருகுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இத்தனையும் அரை மணி நேரத்தில், ஒரே படுக்கையில். நகரத்து கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில் இப்படிக் கேஸ் அடிக்கடி வராது.

இரண்டில் ஒன்று என்றால் கேஷுவாலிட்டி பக்கம்தான் நான். ஒரே குறை, கூட்டம் அதிகமானால் சொல்லித் தர ஆள் இருக்காது. காலை ஷிஃப்டில் ஓரமாக நின்றுவிட்டு வருவதைவிட நைட் டியூட்டி கேட்டு வாங்குங்கள்.

இப்போது லேபர் வார்டு. என் கணக்கில் முதலிடம் இதற்குத்தான். தனியார் மருத்துவமனைகளில் பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் டாக்டர். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ட்ரே எடுத்து வைப்பதோடு சரி. அரசு மருத்துவமனையில் அனுபவசாலி சிஸ்டர் பக்கத்தில் நின்று, "அவசரப்படாத, தலை தானா வரும், பெரினியத்தப் பிடி" (பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி) என்று சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு படிப்பு முடிந்தால் எளிதில் திரும்பாது. பிரசவம் எப்படி நகர்கிறது என்று காட்டும் பார்டோகிராஃப் வரைபடத்தின் கோட்டை நீங்களே போடலாம். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் தசையில் போட வேண்டும். அதே நிமிடத்தில் குழந்தை அழுததா, மூச்சு விடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு வயிற்றில் கை வைத்துக் கர்ப்பப்பை கெட்டியாக இருக்கிறதா, தளர்ந்து கிடக்கிறதா என்று உணர்வதை எந்த மானிட்டரும் சொல்லித் தராது. ஆண் மாணவர்களைப் பல இடங்களில் லேபர் வார்டுக்குள் விடத் தயங்குகிறார்கள். அவர்கள் அதற்குப் பதிலாக கேஷுவாலிட்டியைக் கேட்டு வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

சைக்கியாட்ரியை ஓய்வு வாரம் என்று நினைப்பவர்கள் அதிகம். சென்னை கீழ்ப்பாக்கம் போன்ற பெரிய மனநல மருத்துவமனை கிடைத்தால் விடாதீர்கள். பேச வராத ஒருவரிடம் பேச உட்காரும் பயிற்சி எல்லா வார்டுக்கும் உதவும். கம்யூனிட்டியில் பெரிதாகத் தேர்வு செய்ய ஒன்றுமில்லை, ஒதுக்கிய இடத்துக்குப் போகத்தான் வேண்டும்.

விருப்பத்தை எழுதித் தரும் முன் அந்த வார்டில் ஏற்கெனவே போஸ்டிங் முடித்த சீனியர் ஒருவரைப் பிடித்து இரண்டே கேள்வி கேளுங்கள். உன்னை என்னவெல்லாம் செய்ய விட்டார்கள்? செய்த வேலைகளைப் பதியும் லாக்புக்கில் கையெழுத்துப் போடும் ஸ்டாஃப், செய்ததைப் பார்த்துப் போட்டாரா, பார்க்காமல் போட்டாரா? பார்க்காமல் போட்டார் என்றால், எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியின் ஐசியூவாக இருந்தாலும் அந்த வார்டை விட்டுவிடுங்கள்.