ஆளில்லாத் திரைகள்: கரண்ட் போய் வந்தால் எது தானே எழும்?

வரவேற்பறையில் நாள் முழுக்க டோக்கன் எண்ணையோ அறிவிப்பையோ காட்டும் திரைக்குப் பக்கத்தில் கீபோர்டு கிடையாது, பார்த்துக்கொள்ள ஆளும் கிடையாது. அதனால் நிறுவுவது எவ்வளவு சுலபம் என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். கரண்ட் போய் வந்தால் யாரும் தொடாமல் திரை எழுந்து வருமா என்பதுதான் முதல் கேள்வி.

எல்டிஎஸ்பி என்பது ஒரே சர்வரிலிருந்து பல கணினிகளை நெட்வொர்க் வழியே இயக்கும் லினக்ஸ் ஏற்பாடு. அது ஏற்கெனவே ஓடும் இடத்தில் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது பழைய பாணி. பிரவுசர் சர்வரில் ஓடும். திரையோடு இணைந்த சிறு கணினிப் பெட்டி, அதாவது தின் கிளையண்ட், படத்தை மட்டும் வாங்கிக் காட்டும். அசையாத பக்கத்துக்கு இது போதும், பழைய பெட்டியும் தாங்கும். வீடியோ வந்தால்தான் கணக்கு உதைக்கிறது. 1920×1080 திரையில் ஒரு ஃபிரேம் சுமார் 6.2 எம்பி. நொடிக்கு 25 ஃபிரேமைச் சுருக்காமல் அனுப்பினால் 155 எம்பி. ஒரே திரைக்கு கிகாபிட் கேபிள் பத்தாது. சுருக்கினால் அந்தப் பாரம் சர்வர் தலையில்.

இரண்டாவது, பெட்டி நெட்வொர்க்கில் பூட் ஆகி, பிரவுசரைத் தானே ஓட்டுவது. 2019இல் புதிதாக எழுதப்பட்ட எல்டிஎஸ்பி இந்த வழியில்தான் போகிறது. என் ஓட்டும் இதற்கே. சிஸ்டம் இமேஜ் சர்வரில் இருக்கிறது, அதில் பெட்டி எதையும் எழுதாது. மாற்றங்கள் ராமோடு போய்விடும். கரண்ட் போனாலும் பெட்டிக்குள் கெட்டுப்போக ஒன்றுமில்லை. இருபது திரைக்கும் ஒரே இமேஜ். எந்தத் திரை எந்தக் கணக்கில் தானாக உள்நுழைய வேண்டும் என்பதை மேக் முகவரி (ஒவ்வொரு பெட்டியின் நெட்வொர்க் கார்டுக்கும் உரிய அடையாள எண்) வாரியாக ஒரே கோப்பில் எழுதலாம். எழுதியபின் இனிட்ஆர்டியை, அதாவது பூட் ஆகும்போது பெட்டி சர்வரிலிருந்து வாங்கும் தொடக்கக் கோப்பை, மறுபடி உருவாக்க மறந்தால் பழைய அமைப்பே வரும். அப்புறம், தானியங்கி உள்நுழைவுக்கான பாஸ்வேர்டு அங்கே பேஸ்64இல்தான் இருக்கும். அது வெறும் எழுத்து மாற்றம், யாரும் திருப்பிப் படித்துவிடலாம். எந்த அதிகாரமும் இல்லாத தனிக் கணக்கைக் கொடுங்கள்.

இதன் பலவீனம் சர்வர். கரண்ட் வந்ததும் பெட்டிகள் முந்திக்கொண்டு எழுந்து, சர்வரைக் காணாமல் கறுப்புத் திரையில் நின்றுவிடக்கூடும். சர்வருக்கும் சுவிட்சுக்கும் யுபிஎஸ் கட்டாயம். பெட்டியின் பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்பில்), கரண்ட் வந்தால் தானே ஆன் ஆகும்படியும் முதலில் நெட்வொர்க் வழியே பூட் ஆகும்படியும் வைக்க வேண்டும்.

மூன்றாவது, ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியும், அது பூட் ஆகும் எஸ்டி கார்டும். கேபிள் போகாத, வைஃபை மட்டும் எட்டும் மூலைக்கு இதுதான் சரி. ஆனால் எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் கார்டு கெடலாம். எழுதுவதைக் கார்டுக்குப் பதில் ராமில் வைக்கும் ஓவர்லே அமைப்பைப் போட்டுவிடுங்கள். ஒன்றிரண்டு திரை என்றால் பரவாயில்லை, இருபது கார்டுகளைத் தனித்தனியாக அப்டேட் செய்வது பெரும்பாடு.

எந்த வழியானாலும், லினக்ஸில் திரையைக் கவனிக்கும் எக்ஸ் என்ற மென்பொருள் ஓடினால், அது வழக்கமாகப் பத்து நிமிடத்தில் திரையை அணைக்கும். அதையும் மானிட்டரின் மின்சேமிப்பையும் நிறுத்துங்கள். பிரவுசர் விழுந்தால் மறுபடி தொடங்கும்படி ஒரு லூப்பில் போடுங்கள். ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிய ப்ரொஃபைல் கொடுத்தால், "பழைய பக்கங்களைத் திறக்கவா?" என்ற கேள்வி வந்து திரையை மறைக்காது. சுவரில் மாட்டுவதற்கு முன் ப்ளக்கை நாலைந்து முறை பிடுங்கிப் பாருங்கள். சர்வரை நிறுத்திவைத்தும் ஒரு தடவை.