பேட்டில்கிரவுண்ட் (1949): குழி தோண்டு, கிளம்பு, மறுபடி தோண்டு

டாங்கியும் வெடியும் வீரவசனமும் எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். உறைந்த மண்ணில் குழி தோண்டுகிறார்கள். தோண்டி முடிக்கிற நேரத்துக்கு வேறு இடத்துக்கு நகரச் சொல்லி உத்தரவு வருகிறது. அங்கே போய் மறுபடி தோண்டுகிறார்கள். வில்லியம் வெல்மன் இயக்கிய இந்த 118 நிமிடப் படத்தின் பலமே அந்தச் சலிப்பில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர், 1944 டிசம்பர். பெல்ஜியத்தின் பாஸ்டோன் ஊரை ஜெர்மானியர்கள் முற்றுகையிட்டிருக்கிறார்கள். அமெரிக்க 101வது வான்வழிப் பிரிவின் சின்னக் காலாட்படைக் குழு ஒன்று. எதிரி எந்தப் பக்கம் என்றுகூட அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. எழுதிய ராபர்ட் பைராஷ் அந்தப் போரில் 35வது காலாட்படைப் பிரிவில் இருந்தவர். திரைக்கதைக்கும் பால் வோகலின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

பயத்தைப் பேசவிடாமல் கைக்குக் கிடைத்த சாமான்களில் ஏற்றியிருக்கிறார்கள். கிப் ஓயாமல் பல்செட்டைக் கடகடவென்று ஆட்டுகிறான். ஹாலி (வான் ஜான்சன்) ஹெல்மெட்டில் முட்டையை உடைத்து ஊற்றினால் போதும், ஏதாவது வந்து தொலைக்கும். பூட்ஸைக் கழற்றாமல் தூக்கம் வராதவன், தாக்குதல் நேரத்தில் அந்தப் பூட்ஸை எடுக்கப் போய்ச் சாகிறான். லாஸ் ஏஞ்சலஸ்காரன் ரோட்ரிகஸுக்குப் பனியைக் கண்டதும் குழந்தைக் குதூகலம். பிறகு குண்டடிபட்ட அவனை உடைந்த ஜீப்புக்கடியில் ஒளித்துவைத்துவிட்டுப் போகிறார்கள். திரும்பி வருவதற்குள் குளிர் முந்திக்கொள்கிறது.

உச்சம், ஹாலி சண்டைக்கு நடுவே ஓட ஆரம்பிக்கும் இடம். திரும்பிப் பார்த்தால் புதுப்பையன் லேட்டன் அவனை நம்பிப் பின்னாலேயே வருகிறான். வெட்கம் பிடுங்கித் தின்ன, அந்த ஓட்டத்தையே பக்கவாட்டுத் தாக்குதலாக்கிவிடுகிறான்!

குறை உண்டு. காட்டின் பெரும்பகுதி ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். உற்றுப் பார்த்தால் தெரியும். பாதிரியாரின் பிரசங்கம் படம் பார்ப்பவர்களுக்கென்றே எழுதியது. காவலில் நிற்பவன் பேஸ்பால் கேள்வி கேட்பது சப்டைட்டில் படித்தாலும் புரியாது: அமெரிக்கச் சீருடையில் ஜெர்மானியர்கள் ஊடுருவியிருந்ததால் வந்த சோதனை அது.

சட்டகம் கிட்டத்தட்டச் சதுரம். டிவியில் ஜூம் வைத்தால் தலையோ குழியோ வெட்டுப்படும். பிரைட்னஸையும் கூட்டாதீர்கள், ஒரு காட்சி கெட்டுவிடும். மூடுபனியால் விமானம் வரவில்லை, தோட்டா தீர்ந்துகொண்டிருக்கிறது. அப்போது சார்ஜெண்ட் கின்னி தரையில் எதையோ பார்த்து நிற்கிறார். அது அவருடைய நிழல், வெயில் வந்துவிட்டது. வெளிறிய திரையில் அது தெரியாது.