பூக்கடைக்கு வாங்கிய சீன நாள்காட்டி

பினாங்கு லிட்டில் இந்தியாவில் எனக்குப் பூக்கடை. சீனர்கள் கும்பிடுகிற கருணைத் தெய்வம் குவான் யின் கோயில் நடக்கிற தூரம்தான் என்பதால் வருகிறவர்களில் பாதிப் பேர் சீனர்கள். நிலாவை வைத்து எண்ணுகிற பிறை மாதத்தின் முதல் நாளையும் பதினைந்தாம் நாளையும் 'சே இட், சாப் கோ' என்பார்கள். அந்த இரண்டு நாளும் மஞ்சள் செவ்வந்தி பத்து மணிக்குள் தீர்ந்துவிடும்.

முன்பெல்லாம் விரல்விட்டு எண்ணித்தான் சரக்கு எடுப்பேன். 2025-ல் அது காலை வாரிவிட்டது. ஆறாம் மாதம் முடிந்தது, இனி பேய் மாதம் எனப்படும் ஏழாம் மாதம் என்று ஜூலை 25-க்கு இரண்டு பங்கு பூ எடுத்து, பாதி வாடிப்போனது. அந்த வருடம் ஆறாம் மாதமே இரண்டு தடவை வந்திருக்கிறது. ஏழாம் மாதம் பிறந்தது ஆகஸ்ட் 23-ல். பன்னிரண்டு பிறை மாதம் சேர்ந்தாலும் 354 நாள்தானாம். குறையை நிரப்ப 19 வருடத்துக்கு 7 மாதம் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். எதிர்க்கடை அங்கிள் இதைச் சொல்லிவிட்டு, தினம் கிழிக்கிற காலண்டர் ஒன்று வாங்கி மாட்டச் சொன்னார்.

டிசம்பரில் 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். நடுவில் பெரிய ஆங்கிலத் தேதி, பக்கத்தில் பொடி எழுத்தில் பிறைத் தேதி. எனக்குச் சீனம் தெரியாது. ஆனால் ஒன்று ஒரே ஒரு படுக்கைக்கோடு, பத்து கூட்டல் குறி மாதிரி. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. கீழே அன்று எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று இருக்கும், நம் காலண்டரில் ராகு காலம் போடுவது போல.

போட்ட காசு ஏப்ரலிலேயே வந்துவிட்டது. சிங் மிங் என்கிற முன்னோர் வழிபாடு சூரியக் கணக்கு, நம் சித்திரை ஒன்று மாதிரி அதிகம் நகராது. 2026-ல் ஏப்ரல் 5. குவான் யின் பிறந்தநாளோ இரண்டாம் பிறை மாதம் பத்தொன்பது. தாளைத் தூக்கிப் பார்த்தால் அது ஏப்ரல் 6-ல் நிற்கிறது! இரண்டு வாரம் முன்பே கேமரன் மலைச் செவ்வந்திக்குச் சொல்லிவைத்தேன். இரண்டு நாளும் ஒரு கட்டுகூட மிஞ்சவில்லை.

குறை என்றால் பசைதான். மார்ச்சில் ஒரு தாளை இழுத்தேன், ஒன்பது தாள் கையோடு வந்தது. பிறைத் தேதியையும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம். கண்ணாடி இல்லாமல் முடியவில்லை. வாங்குகிறவர்கள் ஆணியில் மாட்டுவதற்கு முன்பே மேல் விளிம்பில் இரண்டு இரும்பு கிளிப் போட்டுவிடுங்கள்.